செம்புக்குள் விழாத பந்து

எங்கள் சித்தப்பா கோல்ஃப் ஆட்டக்காரர். இந்த ஒரு வரியை ஆலங்குடிப் பக்கத்தில் சொல்லிப் புரியவைப்பது எவ்வளவு சிரமம் என்பது எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். நாலாம் வகுப்பில் டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி, வீட்டில் யார் யார் என்னென்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டார். நான் எழுந்து, அப்பா விவசாயம், சித்தப்பா கோல்ஃப் என்றேன்.

"கல்ஃப்லயா? எங்க, துபாயா, குவைத்தா?"

"இல்ல டீச்சர், பெங்களூர்."

வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு ஊர்ப் பெயர் குழம்புகிறது என்று இரக்கப்பட்டு உட்காரச் சொன்னார்.

டீச்சரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் கல்ஃபில் இருந்தார். ஊர் வாயில் இரண்டு சொல்லும் 'கல்பு' என்றுதான் வரும். அதனால் சித்தப்பா ஊருக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சென்ட் பாட்டிலை எதிர்பார்த்து வந்து உட்காருவார்கள். அவர் பையைத் திறந்து, பழைய வெள்ளைப் பந்துகளை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். கல்ஃபில் இருந்துவிட்டு இப்படிக் கஞ்சனாக இருக்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போவார்கள். ஒருமுறை அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து, கேசரியும் வடையும் சாப்பிட்டு, சம்மதம் சொல்லும் நேரத்தில், கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணுக்கும் விசா எடுப்பீர்களா என்று கேட்டார்கள். உண்மை தெரிந்ததும் ரொம்ப மரியாதையாகத்தான் போனார்கள். திரும்பி வரவில்லை.

அவர் பெங்களூருக்குப் போனது, பத்தாம் வகுப்பில் கணக்கு காலை வாரிவிட்ட கோடையில். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். கடைக்கு ஆள் வேண்டும் என்று கூட்டிப்போனார். கடைக்குப் பின்னால் ஒரு நீளச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கோல்ஃப் மைதானம். சுவரைத் தாண்டி வந்து விழும் பந்துகளைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், ஒரு கட்டத்தில் திரும்பி வரவில்லை. அங்கே ஆட வருகிறவர்களின் மட்டைப் பையைத் தோளில் சுமந்துகொண்டு கூடவே நடப்பதற்கு ஆள் உண்டு. அந்த ஆளுக்கு 'கேடி' என்று பெயர். அந்த வேலையில் சேர்ந்துவிட்டார்.

மளிகைக்கடைக்காரர் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அப்பாவிடம், "ஒங்க தம்பி கடைய விட்டுட்டாப்புல. இப்ப அங்க கேடியா இருக்காப்புல" என்று சொல்லியிருக்கிறார். அப்பா மறுபேச்சுப் பேசாமல் பஸ் ஏறிவிட்டார். பெங்களூரில் மைதானத்து வாசலில் நின்ற காவலாளியிடம், தன் தம்பியை எந்த ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்தாராம். அம்மா இதைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் அப்பா எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

மைதானத்துக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை. அன்றைக்கு மட்டும் கேடிகள் ஆடிக்கொள்ளலாம். யாரோ கழித்துப்போட்ட மட்டைகளை வைத்துக்கொண்டு சித்தப்பா ஆடப் பழகினார். கேடிகளுக்கான போட்டியில் ஜெயித்தார். பிறகு அதையே தொழிலாகக் கொள்ள நினைப்பவர்கள் எழுத வேண்டிய ஒரு பரீட்சை இருந்தது. எழுதுவது என்பது அப்பாவின் சொல். உண்மையில் அது ஆடித் தேறவேண்டிய தகுதிப் போட்டி. இரண்டாம் தடவையில் தேறினார். அப்புறம் கல்கத்தா, டெல்லி, சண்டிகர் என்று வருஷம் முழுக்க ரயிலும் மட்டைப் பையுமாகத்தான் இருந்தார். அவர் தொழிலை எனக்கு ஒருமுறை விளக்கினார்.

"நாலு நாள் ஆட்டம் பாப்பா. ரெண்டு நாள் முடிஞ்சதும் பின்தங்கி இருக்க பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பிருவாங்க. மிச்சம் இருக்கவங்களுக்குத்தான் சம்பளம்."

"அனுப்புனவங்க என்ன செய்வாங்க?"

"அடுத்த ஊருக்கு டிக்கெட் போடுவாங்க."

ஒரு வருஷம் அவர் டிவியில் வந்தார். கேபிள்காரர் வீட்டில் போய் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். பச்சைப் புல்வெளியில் சித்தப்பா தொப்பி போட்டுக்கொண்டு நடந்தார். வேறு யாரையோ காட்டினார்கள். மறுபடி சித்தப்பா நடந்தார். "இந்தப் பய நடந்துக்கிட்டே இருக்கானே, எப்பத்தான் அடிப்பான்?" என்றார் அப்பா. அடித்தபோது விளம்பரம் போட்டுவிட்டார்கள். அந்தப் போட்டியில் அவர் மூன்றாவதாக வந்தார் என்று மறுநாள் போனில் தெரிந்தது. அப்பா கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். மூணாவதுதானா என்று கேட்டுவிட்டுக் குனிந்துகொண்டார்.

நான் சொல்ல வந்தது அதற்கு இரண்டொரு வருஷம் கழித்து வந்த கோடையைப் பற்றி. மாரியம்மன் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் சித்தப்பா வந்து இறங்கினார். ஆட்டோவிலிருந்து மட்டைப் பையோடு துணிப்பெட்டிகளும் ஒரு தலையணையும் இறங்கின. எத்தனை நாள் லீவு என்று அம்மா கேட்டாள். "இருக்கேன் அண்ணி" என்றார். எத்தனை நாள் என்பதற்கு அது பதில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

சீசன் முடிந்ததும் ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்துவார்களாம். அதில் ஒரு கோட்டுக்குக் கீழே போனவர்களுக்கு அடுத்த வருஷம் ஆட உரிமை இல்லை. சித்தப்பா கீழே போய்விட்டார். வேண்டுமானால் மறுபடி முதலிலிருந்து அந்தத் தகுதிப் போட்டியை ஆடலாம். இதைக் கேட்ட அப்பா இரண்டே நாளில், குவைத்தில் இருக்கிற தன் சிநேகிதரிடம் பேசி, ஒரு கம்பெனியில் டிரைவர் வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். புதுக்கோட்டையில் ஏஜெண்ட்டைப் பார்த்து பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் போதும். ஊர் பல வருஷமாக நம்பிக்கொண்டிருந்ததை அப்பா உண்மையாக்கப் பார்த்தார்.

"பந்து உருட்டுறதெல்லாம் பணக்காரன் பொழுதுபோக்குடா. நமக்கு அது பொழப்பாகுமா? அங்கிட்டு போனா மூணு வருஷத்துல நிமிந்துரலாம்."

"யோசிச்சுச் சொல்றேண்ணே."

யோசிப்பதற்கு அவர் கண்மாய்க்குப் போனார். அந்தக் கோடையில் கண்மாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. விடிந்ததும் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு போவார், பின்னாலேயே நான். வெடித்துக் கிடந்த மண்ணில் ஒரு பொருக்கின் மேல் பந்தை வைத்து, இடுப்பை ஒரு சுழற்றுச் சுழற்றுவார். காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். பந்து எங்கே போனது என்று நான் வானத்தில் தேடிக்கொண்டிருக்கும்போதே அது எதிர்க்கரை ஓரத்தில் புழுதியைக் கிளப்பும். ஆடு மேய்க்கிறவர்கள் தங்கள் ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்கள். இவ்வளவு தூரம் அடிக்கிற ஒரு மனிதரை எப்படி ஃபெயிலாக்கினார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பையில் ஒரு மட்டை மட்டும் வெளியே வரவே இல்லை. அதற்குத் தனியாக ஓர் உறை இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

"குழிக்குப் பக்கத்துல வந்ததும் பந்த உருட்டி உள்ள போடுறதுக்கு."

"அதுல அடிச்சுக் காட்டுங்க சித்தப்பா."

"இங்க புல்லு இல்ல பாப்பா. கட்டாந்தரையில அது சரியா வராது."

திருவிழாவின் கடைசி நாளில் இளைஞர் மன்றம் விளையாட்டுப் போட்டி நடத்தும். உறியடி, சாக்கு ஓட்டம், பெண்களுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கி ஓடுவது. அந்த வருஷம் மன்றத்துப் பையன்களுக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. சித்தப்பாவை டிவியில் பார்த்தவர்கள் அவர்கள். அவருக்குச் சிறப்புச் செய்ய ஆசைப்பட்டார்கள். கண்மாய்க் கரையை ஒட்டி எங்கள் கடலை காயப்போடும் களம் இருந்தது. அதை இரண்டு நாள் சாணம் போட்டு மெழுகி, வீட்டுத் தரை மாதிரி ஆக்கிவிட்டார்கள். நடுவில் ஒரு பித்தளைச் செம்பை வாய் மட்டும் தெரியும்படி புதைத்து, பக்கத்தில் ஒரு சின்னக் கொடியும் நட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள்.

அவர் களத்தை ரொம்ப நேரம் பார்த்தார். குனிந்து உள்ளங்கையால் தரையைத் தடவினார்.

"நல்லா இருக்குப்பா. எதுக்கு இம்புட்டுச் சிரமம்?" என்றார்.

அன்று சாயங்காலம் ஊரே கரையில் நின்றது. அப்பா முன்வரிசையில் தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கர் செட்காரர் மைக்கைப் பிடித்து, நம் மண்ணின் மைந்தர், கல்பு வீரர் என்று சித்தப்பாவை அழைத்தார். முதலில் கண்மாயைப் பார்த்து ஒரு அடி. அன்றைக்குப் பந்து எதிர்க்கரையையே தாண்டிவிட்டது; அந்தப் பக்கம் பனைமரத்தடியில் நின்றிருந்த ஆள் பந்தைப் பொறுக்கிக் கையை உயர்த்திக் காட்டினார். விசில் அடங்க நேரமாயிற்று. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நம்ம வீரர், பந்தச் செம்புக்குள்ள போடப் போறாரு!"

களத்தில் பந்தை வைத்தார்கள். செம்புக்கும் பந்துக்கும் இடையில் நான் படுத்தால் என் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் தூரம். சித்தப்பா உறையைக் கழற்றி அந்த மட்டையை எடுத்தார். குனிந்தார். செம்பைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், மறுபடி செம்பைப் பார்த்தார். மட்டை மெல்லப் பின்னால் போனது. அங்கேயே நின்றது. பிறகு, தோளில் பல்லி விழுந்தால் உடம்பு வெடுக்கென்று உதறுமே, அந்த மாதிரி அவருடைய வலது கை உதறியது. பந்து செம்பை விட்டு விலகி, களத்தைத் தாண்டி ஓடி, பொங்கல் வைத்த அடுப்புச் சாம்பலில் போய் நின்றது.

சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, திருவிழாச் சிரிப்பு. பந்தைத் துடைத்துக் கொண்டுவந்து மறுபடி வைத்தார்கள். இந்த முறை பந்து செம்பின் இடப்பக்கம் போனது. மூன்றாம் முறை மட்டை தரையைத்தான் இடித்தது. மெழுகிய சாணம் பெயர்ந்து வந்தது.

"வீரர் நம்மளோட வெளையாடுறாரு!" என்றார் ஸ்பீக்கர் செட்காரர். யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "அம்புட்டுத் தூரம் அடிச்சவருக்கு இம்புட்டுத் தூரம் உருட்ட வரலயா?" என்று நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டது எல்லோருக்கும் கேட்டது. சித்தப்பா நிமிரவில்லை. மட்டையைப் பிடித்தபடி பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கழுத்திலிருந்து வேர்வை வழிந்து சட்டைக்குள் இறங்கியது.

எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் அவர் கையிலிருந்து மட்டையை வாங்கினேன். பிடி ஈரமாக இருந்தது. செம்பு அங்கே இருக்கிறது, பந்து இங்கே இருக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தட்டிவிட்டேன். பந்து உருண்டுபோய் டங்கென்று செம்புக்குள் விழுந்தது.

கண்மாய்க் கரை அதிர்ந்துவிட்டது. கொட்டுக்காரர்கள் வேறு சேர்ந்துகொண்டார்கள். பெண்கள் போட்டிக்கு வைத்திருந்த பச்சை பிளாஸ்டிக் குடம் ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு களத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வானத்தில் மறைகிற அளவு அடிக்கிறவருக்கு இதுவா முடியாது? நான் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே விட்டிருக்கிறார்!

இந்த ரகசியத்தை நான் காப்பாற்றவில்லை. அன்றும் மறுநாளும் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்க சித்தப்பா எனக்காக விட்டுக்குடுத்தாங்க. டீக்கடையில் சொன்னேன், பூசாரி வீட்டில் சொன்னேன், குழாயடியில் வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னேன். அண்ணன் மகள் மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று ஊரே சொன்னது. சித்தப்பா தெருவில் போனால், "மகளுக்காகத் தோத்தவருல்ல!" என்று கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்த வாரமே அவர் மட்டைப் பையோடு பெங்களூருக்குப் போய்விட்டார். தகுதிப் போட்டியில் தேறினார். தேறியவர்களில் கடைசி ஆட்கள் பக்கம்தான், ஆனாலும் தேறினார். அதன் பிறகு சில வருஷங்கள் ஆடினார். ஒரு தடவை ஜெயிப்பதற்கு ரொம்பப் பக்கத்தில் வந்து இரண்டாவதாக முடித்தார். எந்தப் போட்டியிலும் முதலாவதாக வந்ததில்லை. இப்போது அங்கேயே பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறார்.

நான் நர்ஸாகி, திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். சின்னக் கைகளில் நரம்பு தேடி ஊசி ஏற்றுவதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன வருஷம் ஒருநாள், எந்தக் காரணமும் இல்லாமல், ஊசியைத் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் என் விரல்கள் நின்றுவிட்டன. அடுத்த குழந்தையிடமும் அப்படியே. யாரிடம் சொல்வதென்று தெரியாமல் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். ஏன் அவருக்குப் போட்டேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள், "ஒனக்கு எப்பலேருந்து?" என்று கேட்டார்.

அந்தக் குரலில்தான் எனக்குப் புரிந்தது.

"சித்தப்பா, அப்ப அன்னைக்கு களத்துல..."

"ஆமா பாப்பா. ஊருக்கு வாரதுக்கு ஒரு வருஷம் முன்னாலேருந்தே அப்படித்தான். எத்தனையோ வருஷம் போட்ட பந்து. தூக்கத்துல எழுப்பி விட்டாலும் போடுவேன். ஒருநாள் கை மாட்டேன்னுருச்சு. டாக்டருங்க கையில ஒண்ணுமில்லன்னுட்டாங்க. அதுலதான் ஃபெயிலானேன்."

"நீங்க எனக்காக விட்டுக்குடுத்தீங்கன்னுல்ல நான் ஊரெல்லாம் சொன்னேன்."

அவர் சிரித்தார். "நீ சொல்லிக்கிட்டுத் திரிஞ்சதாலதான் நான் தெருவுல நடந்தேன். ஊரே நம்புச்சு. ஒங்கப்பா மட்டுந்தான் நம்பல."

"இது போயிருமா சித்தப்பா?"

"எனக்குப் போச்சு. பெறகு திரும்ப வந்துச்சு. ஒனக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது பாப்பா. நாளைக்கு வேலைக்குப் போவியா?"

"போவேன்."

"போ. முடிச்சுட்டுப் போன் போடு."

போனேன். பக்கத்தில் மூத்த சிஸ்டர் நின்றுகொண்டார். விரல் நின்றது, பிறகு நகர்ந்தது. இன்றும் சில நாள் நிற்கிறது. ஆனால் அன்று போனை வைத்த பிறகு நான் நினைத்துக்கொண்டிருந்தது என் விரல்களைப் பற்றி இல்லை. அப்பா மட்டும் நம்பவில்லை என்றாரே, அதைப் பற்றி.

போட்டி நடந்த அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தோம். நான் வாய் ஓயாமல் என் வெற்றியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா கறிக்குழம்பு ஊற்றினாள். சித்தப்பா, சோற்றைப் பிசைந்தபடி, தலையைத் தூக்காமல், "நாளைக்குப் புதுக்கோட்டை போயி பாஸ்போர்ட்டக் குடுத்துருவோம்ணே" என்றார்.

அப்பா சித்தப்பாவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை சாதாரணமாகத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. ஆகவே அவர் எதைப் பார்க்கிறார் என்று நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"அந்தப் பரீட்சை எப்ப வருது?" என்று கேட்டார் அப்பா.

"அடுத்த மாசம்."

"போயி எழுதிட்டு வா. விசா எங்கயும் ஓடிறாது. நான் பேசிக்கிறேன்."

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். அப்பா தண்ணீரை எடுத்துக் குடித்தார். பிறகு, சித்தப்பாவின் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்:

"இத்தன வருஷமா அத வெளையாட்டுன்னுல்லடா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

எனக்கு அப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது. இவ்வளவு பார்த்த பிறகும் இவருக்கு விளங்கவில்லையே!

"வெளையாட்டுதாம்ப்பா அது" என்றேன். "டிவியில கூட வெளையாட்டுச் சேனல்லதான காட்டுனாங்க?"

அப்பா "சரித்தா, சாப்பிடு" என்றார். சித்தப்பா இலையின் மேல் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவே இல்லை; மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். குழம்பில் காரம் தூக்கலாக இருக்கிறது என்று நினைத்து, நான் எழுந்து போய் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.